வெறுங்காலா, மெல்லிய செருப்பா, மெத்தை ஷூவா? மராத்தான் பயிற்சிக்கு முன் ஒரு முடிவு

ஆடி பிறந்து காலை வெக்கை கொஞ்சம் தணிந்ததும் சென்னை ஓட்டக் குழுக்களில் இரண்டு விஷயங்கள் தவறாமல் நடக்கும். ஜனவரி மராத்தானுக்குப் பதிவு செய்தவர்கள் வாரக் கிலோமீட்டரைக் கூட்டத் தொடங்குவார்கள். போன வருஷம் வாங்கிய ஷூவின் அடிப்பக்கம் தேய்ந்துபோய், "அடுத்து என்ன வாங்கலாம்?" என்ற கேள்வி வாட்ஸாப்பில் வந்து விழும். அசிக்ஸா, புரூக்ஸா, டெகத்லானில் கிடைப்பதே போதுமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது, யாரோ ஒருவர் தார் ரோட்டில் நிற்கும் தன் வெறுங்காலைப் படமெடுத்துப் போட்டு, "பன்னிரண்டு கிலோமீட்டர், ஷூ இல்லாமல்" என்று எழுதுவார். அதற்கு வந்து குவியும் கைதட்டல்களைப் பார்த்துவிட்டு ஒரு தம்பி கேட்பான்: "அண்ணா, நானும் கழட்டிடட்டுமா?"

அவனை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். ஓட ஆரம்பித்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். வாரத்துக்கு இருபது, முப்பது கிலோமீட்டர். வேலை, குடும்பம் எல்லாம் போக மிஞ்சிய காலை நேரத்தில் ஓடுகிறவர். பரிசுக்கு ஓடவில்லை, ஆனால் போன முறையைவிடக் கொஞ்சம் நன்றாக முடிக்க ஆசை. இப்படிப்பட்டவர் முன்னால் இன்று நான்கு வழிகள் இருக்கின்றன: முழு வெறுங்கால், மெல்லிய அடி கொண்ட ஷூ அல்லது செருப்பு, வழக்கமான மெத்தை ஷூ, கார்பன் தகடு வைத்த தடித்த ஷூ. செலவே இல்லாத ஐந்தாவது ஒன்றும் உண்டு. அதை யாரும் விற்பதில்லை என்பதால் அதைப் பற்றிப் பேச்சும் குறைவு.

ஷூ விளம்பரத்தையும் வெறுங்கால் பிரசாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டும் ஒரே வாக்குறுதியைத் தருவது தெரியும்: எங்கள் வழிக்கு வந்தால் காலுக்கு விழும் அடி குறையும். எனக்குப் புரிந்தவரை, ஒரு தோளில் இருந்த மூட்டையை மறு தோளுக்கு மாற்றுவதைத்தான் இரண்டு தரப்பும் செய்கின்றன. ஆகவே எது உயர்ந்தது என்று கேட்பதைவிட, உங்கள் காலில் எந்த இடம் ஏற்கெனவே நொந்திருக்கிறது, எந்த இடத்தில் இன்னும் தாங்கும் தெம்பு இருக்கிறது என்று கேட்பது பயன் தரும்.

மூட்டை எங்கே மாறுகிறது

ஓடும்போது எடுத்து வைக்கும் ஒவ்வோர் எட்டிலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலுக்கு வருகிறது. மெத்தை ஷூ போட்டவர்களில் பெரும்பாலோர் குதிகாலை முதலில் ஊன்றுகிறார்கள். அதே மாதிரி வெறுங்காலில் தார் ரோட்டில் ஊன்றிப் பாருங்கள். சில எட்டுகளிலேயே கால் தன்னைத் திருத்திக்கொள்ளும். எட்டு குறுகும், முழங்கால் சற்றுக் கூடுதலாக மடங்கும், முன்பாதமோ நடுப்பாதமோ முதலில் தரையைத் தொடும். முழங்காலுக்குப் போகும் பளு இதனால் குறைகிறது. ஆனால் குதிகால் தரையில் மோதாமல் பிடித்து மெதுவாக இறக்கும் வேலை கெண்டைக்கால் சதைக்கும், அதைக் குதிகால் எலும்போடு கட்டியிருக்கும் குதிநாணுக்கும் வந்துவிடுகிறது. முன்பாதத்தின் நீண்ட மெல்லிய எலும்புகளும் தங்களுக்குப் பழக்கமில்லாத பங்கைச் சுமக்க வேண்டியிருக்கிறது.

வெறுங்கால் ஓட்டம் உலகம் முழுக்கப் பேச்சானதற்கு ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு 2010-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஆய்வு ஒரு முக்கியக் காரணம். சிறு வயதிலிருந்தே ஷூ இல்லாமல் ஓடிப் பழகிய கென்யர்களையும் ஷூவில் ஓடுகிறவர்களையும் அது ஒப்பிட்டது. முன்பாதத்தில் இறங்கும்போது, குதிகால் ஊன்றியதும் வரும் அந்தச் சுரீரென்ற முதல் மோதல் கிட்டத்தட்டக் காணாமல் போகிறது என்று காட்டியது. நல்ல ஆய்வு. ஆனால் அது மோதலைத்தான் அளந்தது. யாருக்கு எத்தனை முறை அடிபட்டது என்று எண்ணவில்லை. படித்த பலர் அந்த இரண்டாவதையும் அதிலேயே படித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். மூன்று வருஷம் கழித்து வடக்குக் கென்யாவில் டாசனாச் மக்களிடம் நடந்த இன்னொரு ஆய்வு, வெறுங்காலிலேயே வாழும் அவர்களில் பெரும்பாலோர் தங்கள் இயல்பான வேகத்தில் ஓடும்போது குதிகாலைத்தான் ஊன்றுகிறார்கள் என்றது. வேகம் கூடக் கூட முன்னால் நகர்கிறார்கள். 'இயற்கையான ஓட்டம் என்றால் முன்பாதம்தான்' என்று ஆணித்தரமாகச் சொல்கிறவர்களிடம் இந்த ஆய்வைக் காட்டலாம்.

காயங்களை எண்ணிய ஆய்வுகளுக்கு வருவோம். வெறுங்காலில் ஓடுகிறவர்களும் ஷூவில் ஓடுகிறவர்களுமாக இருநூறு பேரைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வெறுங்கால்காரர்களுக்கு மொத்தக் காயம் குறைவு. ஆனால் அவர்கள் ஓடிய தூரமும் குறைவு. தூரத்தைக் கணக்கில் எடுத்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டது. வித்தியாசம் இருந்தது காயத்தின் இடத்தில்தான்: அவர்களுக்குக் கெண்டைக்காலிலும் உள்ளங்கால் தோலிலும் தொல்லை அதிகம், காலையில் எழுந்ததும் குதிகாலை ஊன்ற விடாத அந்த வலி குறைவு.

வெறுங்கால்: சென்னையில் எங்கே, எப்போது

முதலில் ஒரு நல்ல வார்த்தை. வெறுங்காலில் மெதுவாகப் பத்து நிமிஷம் ஓடுவதில் ஒரு சுகம் இருக்கிறது. தரையின் சொரசொரப்பு, சூடு, ஈரம் எல்லாம் காலுக்குத் தெரியும். காதில் பாட்டு தேவைப்படாது. இதற்காக மட்டுமே யாராவது ஷூவைக் கழற்றினால் நான் தடுக்க மாட்டேன். வேகத்துக்காகவோ வைத்தியத்துக்காகவோ கழற்றுகிறவர்களிடம்தான் எனக்குப் பேச வேண்டியிருக்கிறது.

"நம்மூர்க்காரனுக்கு இதெல்லாம் புதுசா? திருவண்ணாமலையில் பதினாலு கிலோமீட்டர் கிரிவலம் வெறுங்காலில்தானே போகிறோம், பழனிக்குப் பாதயாத்திரை போகிறோம்" என்று சொல்வது குழுக்களில் வழக்கம். பாதி உண்மை. வீட்டுக்குள் செருப்பில்லாமல் வளர்ந்த நம் பாதங்கள், பிறந்ததிலிருந்து ஷூவுக்குள் இருந்த பாதங்களைவிடத் தோலில் கொஞ்சம் முன்னே நிற்கும். ஆனால் நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கிறது. விசை உடல் எடையைக் கொஞ்சமே தாண்டுகிறது. கிரிவலம் முடித்த உள்ளங்கால், மராத்தான் பயிற்சிக்கான கெண்டைக்காலைக் கையோடு தந்துவிடாது.

அடுத்து வருவது அபேபே பிகிலா. 1960 ரோம் ஒலிம்பிக்கில் வெறுங்காலில் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் மராத்தான் தங்கத்தை எத்தியோப்பியாவுக்குக் கொண்டுபோனவர். இந்தப் படம் இல்லாத வெறுங்கால் பதிவே இருக்காது. கதையின் அடுத்த பாகத்தை மட்டும் யாரும் பகிர்வதில்லை. 1964 டோக்கியோவில் அதே பிகிலா, குடல்வால் அறுவை முடிந்து சில வாரத்தில், ஷூ போட்டுக்கொண்டு ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 விநாடியில் மறுபடி தங்கம் வாங்கினார். மூன்று நிமிடம் வேகமாக. ஷூதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. வெறுங்கால் அவருக்குக் கொள்கையாக இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஷூவைக் கழற்றினால் எடை குறையும், ஆகவே வேகம் கூடும் என்ற கணக்கும் முழுசாக நிற்கவில்லை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2012-ல் அளந்து பார்த்தார்கள். ஒவ்வொரு காலிலும் நூறு கிராம் கூடினால் ஆக்சிஜன் செலவு சுமார் ஒரு சதவீதம் கூடுகிறது என்பது சரி. ஆனால் எடையைச் சமமாக்கியபோது ஷூ போட்ட ஓட்டத்துக்குத்தான் மூன்று, நான்கு சதவீதம் குறைவாகச் செலவானது. மெத்தை இல்லாதபோது அந்த வேலையைக் கால் சதை செய்ய வேண்டியிருக்கிறது, அதற்கும் மூச்சு வேண்டும் என்பது அவர்கள் தந்த விளக்கம். அதனால் இலேசான ஷூ ஒன்று வெறுங்காலுக்குச் சளைத்ததில்லை.

இனி ஊர். வெறுங்கால் என்றதும் எல்லோரும் கடற்கரை மணலுக்குப் போகிறார்கள். காய்ந்த மணலில் ஓட, கெட்டித் தரையைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். குதிகால் புதைவதால் குதிநாண் இழுபடும். அலை நனைத்த ஈர மணல் கெட்டியாக இருக்கும், ஆனால் சரிவாக இருக்கும்: பெசன்ட் நகரில் தெற்கே போகும்போது கடல் பக்கத்துக் கால் முழுக்கத் தாழ்வாகவே ஊன்றும். போன தூரமே திரும்பி வந்தால் ஓரளவு சமன் ஆகும். ஒரு பக்கம் ஓடிவிட்டு ஆட்டோவில் வருகிறவர்களுக்கு இடுப்பு வலிப்பதில் ஆச்சரியமில்லை. மெரினா மணலில் பாட்டில் கண்ணாடி, தூண்டில் முள், மீன் எலும்பு எல்லாம் சேர்ந்து கிடக்கும்.

சொன்னால் நம்ப மாட்டார்கள், கற்றுக்கொள்வதற்கு நல்ல இடம் வழவழப்பான புதுத் தார் ரோடோ சிமெண்ட் ரோடோதான். தரை கெட்டியாக இருப்பதால் தப்பாக ஊன்றினால் உடனே தெரியும். சமமாக இருப்பதால் கணுக்கால் மடங்காது. மண்ணில் கிடக்கும் நெருஞ்சி இங்கே இல்லை. விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, வெயில் ஏறுவதற்கு முன் என்று ஒரு குறுகிய நேரம்தான் இதற்கு வாய்க்கும். சித்திரை, வைகாசியில் எட்டு மணித் தாரில் காலை வைத்துப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. செயற்கை ஓடுதளம் மென்மையாகத் தெரியும். அதன் சொரசொரப்பு தோலை உரித்துவிடும், வெயிலில் தாரைப் போலவே கொதிக்கும்.

மழைக்காலத்தில் வெறுங்கால் வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் தேங்கும் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. எலி மூத்திரம் கலந்த தண்ணீர் சின்னக் கீறல் வழியாக எலிக்காய்ச்சலைத் தந்துவிடும். அசுத்தமான ஈர மண்ணிலிருந்து கொக்கிப்புழு தோல் வழியாகவே உள்ளே போகும். ஆண்டு முழுக்க எந்தக் காலத்திலும் டெட்டனஸ் ஊசி காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. சர்க்கரை நோய் உள்ளவர்கள், அது கட்டுப்பாட்டில் இருந்தாலும், வெறுங்காலில் ஓடக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைவது மெல்ல நடக்கும். குறைந்திருப்பது அவருக்கே தெரியாது. குத்திய முள்ளும் தெரியாது, புண்ணும் ஆறாது. நாற்பதைத் தாண்டி, "சர்க்கரைக்காக ஓடச் சொன்னார் டாக்டர்" என்று குழுவில் சேருகிறவர்கள் நம்மிடையே நிறைய. அவர்களிடம் ஷூவைக் கழற்றச் சொல்லி உற்சாகமூட்டுவது எனக்கு ஏற்பில்லை.

மெல்லிய அடி: நடுவழி போலத் தெரியும் ஒன்று

மெக்சிகோவின் தாமிரப் பள்ளத்தாக்கில் வாழும் ராராமுரி மக்கள் மலைப் பாதையில் நீண்ட தூரம் ஓடுவதற்குப் பெயர்பெற்றவர்கள். அவர்கள் காலில் இருப்பது பழைய வண்டி டயரை வெட்டித் தோல் வாரால் கட்டிய செருப்பு. இதைப் பார்த்து மேற்கில் நிறையப் பேர் சொக்கிப்போனார்கள்; அதே மாதிரிச் செருப்புகள் இன்று நல்ல விலைக்கு விற்கின்றன. நம் கிராமங்களில் மாட்டுக்காரர்களும் கல் உடைக்கிறவர்களும் போட்டுத் தேய்த்த டயர் செருப்பு நினைவுக்கு வருகிறவர்கள் அந்த விலையைப் பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம். பள்ளிக்கூட பி.டி. வகுப்புக்குப் போட்ட கான்வாஸ் ஷூவும் ஏறக்குறைய இந்த வகைதான்: மெல்லிய தட்டையான ரப்பர் அடி, குதிகாலில் உயரம் இல்லை, மெத்தை இல்லை. விரல் பகுதி மட்டும் குறுகல்.

விரல்விரலாகப் பிரிந்த வைப்ரம் ஃபைவ்ஃபிங்கர்ஸ் இந்த வகையின் உச்சம். பாதத்தை வலுப்படுத்தும், காயத்தைக் குறைக்கும் என்று விளம்பரம் செய்ததற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2014-ல் அந்த நிறுவனம் 37.5 லட்சம் டாலரில் சமரசம் செய்துகொண்டது. அதற்கு முந்தைய வருஷம் வந்த ஓர் ஆய்வு ஓட்டக்காரருக்கு வழக்கைவிட முக்கியம். அனுபவமுள்ள 36 ஓட்டக்காரர்களில் 19 பேரைப் பத்து வாரத்தில் படிப்படியாக அந்த ஷூவுக்கு மாறச் சொன்னார்கள். மற்றவர்கள் பழைய ஷூவிலேயே ஓடினார்கள். முன்னும் பின்னும் பாதத்தை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, மாறியவர்களில் பாதிக்கு மேல் எலும்பு மஜ்ஜையில் வீக்கம் கூடியிருந்தது. மாறாதவர்களில் ஒருவருக்குத்தான் அப்படி. எலும்பில் விழும் மயிரிழை விரிசலுக்கு முந்தைய படியாக அது இருக்கலாம்.

எனக்குப் படுவது இது. முழு வெறுங்காலில் ஒரு காவல் இருக்கிறது: தோல். இரண்டு கிலோமீட்டரில் உள்ளங்கால் எரியும், நிறுத்திவிடுவீர்கள். அந்த இரண்டு கிலோமீட்டரில் கெண்டைக்காலுக்கோ எலும்புக்கோ பெரிய சேதம் வந்துவிடாது. மெல்லிய ஷூ தோலை மட்டும் காப்பாற்றி, அந்த எச்சரிக்கை மணியை அணைத்துவிடுகிறது. பழகாத எலும்பையும் குதிநாணையும் வைத்துக்கொண்டு எட்டு கிலோமீட்டர் சந்தோஷமாக ஓடிவிட்டு வருவீர்கள்; அடுத்த நாள்தான் மாடிப்படி இறங்க முடியாது. 'முதலில் மெல்லிய ஷூ, பிறகு வெறுங்கால்' என்று சொல்லப்படும் வரிசை எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. மாறத்தான் வேண்டும் என்றால் குறைந்த தூர வெறுங்காலிலிருந்து தொடங்கி, தோல் சொல்லும் அளவுக்குக் கட்டுப்பட்டு, பல மாதம் கழித்து மெல்லிய செருப்புக்கு வருவது பாதுகாப்பு.

மெத்தை ஷூ: சலிப்பான பதில்

கடைக்குப் போனால் பாதத்தின் வளைவைப் பார்ப்பார்கள், டிரெட்மில்லில் ஓடவிட்டுப் படம் பிடிப்பார்கள், "சார், உங்களுக்குக் கால் உள்பக்கம் சாய்கிறது, இதற்குத் தனி ஷூ" என்று விலை கூடின ஒன்றை எடுத்து வைப்பார்கள். பாத வகை பார்த்து ஷூ கொடுப்பதால் காயம் குறைகிறதா என்பதைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-ல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு ஒன்று வந்தது. அனேகமாக வித்தியாசம் இல்லை என்பது அதன் முடிவு. அதனால் அந்தக் காணொளியை ரசித்துப் பார்த்துவிட்டு, உங்கள் காலுக்கு எது இதமாக இருக்கிறதோ அதை வாங்குங்கள். கடைக்குள் நாலு எட்டு ஓடும்போதே எங்கோ உறுத்தும் ஷூ பத்தாவது கிலோமீட்டரில் திருந்தாது.

மெத்தை பயனற்றது என்றும் சொல்லிவிட முடியாது. லக்ஸம்பர்க்கில் 848 பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களுக்கு, வெளியே ஒரே மாதிரித் தெரியும் இரண்டு ஷூக்களில் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒன்றின் அடி கெட்டி, மற்றது மெத்து. ஆறு மாதத்தில் கெட்டி ஷூ போட்டவர்களுக்குத்தான் காயம் அதிகம். வேடிக்கை என்னவென்றால், மெத்தையின் பலன் எடை குறைந்தவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. 'குண்டானவர்களுக்குத்தான் குஷன் வேண்டும்' என்று கடைக்காரர் சொல்லும்போது இதை நினைத்துக்கொள்ளலாம்.

குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை 'டிராப்' என்கிறார்கள். பழைய வழக்கம் பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர். இப்போது நாலு, ஆறு, பூஜ்யம் வரை கிடைக்கிறது. குதிநாணிலோ கெண்டைக்காலிலோ பழைய வலி உள்ளவர்கள் டிராப் குறைந்ததற்குத் தாவ வேண்டாம். முழங்கால் வலி உள்ளவர்கள் படிப்படியாக முயன்று பார்க்கலாம். திரும்பவும் மூட்டைக் கதைதான்.

நம்ம ஊருக்கு ஒரு தனிப் பிரச்சினை வியர்வை. ஜூன் மாதத்தில் பதினைந்து கிலோமீட்டர் ஓடினால் கால்சட்டையிலிருந்து வழியும் வியர்வையே ஷூவுக்குள் இறங்கி, சளக் சளக் என்று சத்தம் வரும். அந்த ஈரத்தில்தான் கொப்புளம் வருகிறது. ஆகவே மெத்தை எத்தனை மில்லிமீட்டர் என்பதைவிட மேல்துணியில் காற்று எவ்வளவு போகிறது என்று பாருங்கள். பருத்தி சாக்ஸை விடுங்கள். பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு ஷூ வாங்குவதைவிட ஐந்து, ஆறாயிரத்தில் இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால், ஒன்று செய்தித்தாள் திணித்துக் காயும்போது மற்றது ஓடும். ஒரு ஷூ சாதாரணமாக ஐந்நூறிலிருந்து எண்ணூறு கிலோமீட்டர் வரை வரும் என்பார்கள். அடி ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்து, மெத்தையில் சுருக்கம் விழுந்து, இத்தனை நாள் இல்லாத வலி தலைகாட்டினால் எண்ணைப் பார்க்காமல் மாற்றிவிடலாம்.

கார்பன் தகடு

சுருக்கமாக. 2017-ல் இத்தாலியின் மோன்சா கார் பந்தயக் களத்தில் கென்யாவின் எலியுட் கிப்சோகே இந்த வகை ஷூவில் மராத்தான் தூரத்தை 2 மணி 25 விநாடியில் ஓடியதிலிருந்து இந்த ஷூக்களின் காலம். தேர்ந்த ஓட்டக்காரர்களுக்குச் சுமார் நான்கு சதவீதம் சக்தி மிச்சமாவது ஆய்வகத்தில் உறுதியானது. ரோட்டுப் பந்தயத்துக்கு ஷூ அடியின் தடிமன் 40 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2020-ல் விதி போட வேண்டியிருந்தது. கிலோமீட்டருக்கு ஆறரை, ஏழு நிமிடத்தில் ஓடுகிற நமக்கு அந்த லாபம் அப்படியே கிடைக்காது. விலையோ பதினைந்து, இருபதாயிரம். சீக்கிரம் தேயும். குழி, ஸ்பீட் பிரேக்கர், ஓரச் சரிவு நிறைந்த ரோட்டில் அவ்வளவு உயரத்தில் நின்று கணுக்காலை மடக்கிக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம். மூன்றரை மணிக்குள் மராத்தான் முடிக்கிறவர் யோசிக்கலாம். மற்றவர்கள் அந்தப் பணத்தில் வெளியூர் ஓட்டம் ஒன்றுக்குப் போய் வரலாம்.

ஐந்தாவது: எட்டைக் குறுக்குவது

வெறுங்காலில் ஓடும்போது கிடைக்கும் நன்மையில் பெரும்பங்கு, எட்டு குறுகுவதால் வருகிறது என்பது என் கருத்து. அதை ஷூ போட்டுக்கொண்டே செய்யலாம்: வேகம் மாறாமல் எட்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் எட்டு தானாகக் குறுகும். நிமிடத்துக்கு எத்தனை எட்டு என்பதை ஐந்து முதல் பத்து சதவீதம் கூட்டினால் முழங்காலும் இடுப்பும் தாங்கும் பளு குறைகிறது என்று 2011-லேயே காட்டியிருக்கிறார்கள். நிமிடத்துக்கு 160 எட்டு வைக்கிறவர் 170-க்கு வந்தால் போதும். 180 என்ற எண்ணை எல்லோர் தலையிலும் கட்ட வேண்டாம். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் வேகமாக ஓடியவர்களைப் பார்த்து ஜாக் டேனியல்ஸ் என்ற பயிற்சியாளர் குறித்துக்கொண்டது அது. கைக்கடிகாரத்தில் எண் வரும். இல்லாவிட்டால் போனில் தாளக் கருவி ஒன்றைப் போட்டு, ஓட்டத்தின் நடுவே ஐந்து ஐந்து நிமிடமாகப் பழகலாம். வேகத்தைக் கூட்டாமல் எட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டுவது முதலில் பொடிநடை போலக் கேலியாகத் தோன்றும். சில வாரத்தில் பழகிவிடும்.

பகிர்வதை எப்படிப் படிப்பது

ஓட்டங்களைப் பதிந்து பகிரும் ஸ்ட்ராவா செயலியில் ஒருவர் முன்னேறுவதைப் பார்த்து நாம் ஷூ முடிவு எடுக்கிறோம். அதில் ஒரு சிக்கல், சென்னைக்கே உரியது. ஆகஸ்டில் காலை ஐந்தரைக்கே புழுங்கும். மார்கழியில் அதே நேரத்துக்கு இருபத்தோரு, இருபத்திரண்டு டிகிரிதான் இருக்கும். எந்த மாற்றமும் செய்யாதவருக்கும் கிலோமீட்டருக்குக் கணிசமான விநாடிகள் குறையும், இதயத் துடிப்பும் இறங்கும். நவம்பரில் ஷூ மாற்றியவர், அல்லது ஷூவைக் கழற்றியவர், டிசம்பரில் வரும் நல்ல நேரத்தைக் காலடியில் இருப்பதற்கு வரவு வைப்பார். அவர் பொய் சொல்லவில்லை. வாடைக்காற்று தன் பங்கைப் பதிவிடுவதில்லை.

இன்னொன்று, கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்தவர் படம் போடுவதில்லை. குழுவில் வெறுங்கால் என்று கொண்டாடப்பட்டவர்களில் எத்தனை பேர் அடுத்த வருஷமும் வெறுங்காலில் ஓடுகிறார்கள் என்று தனியே விசாரித்துப் பாருங்கள். ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் மெலிந்தவர்கள், பல வருஷம் எடுத்துக்கொண்டு மாறியவர்கள், வேகத்தைப் பற்றி அதிகம் பேசாதவர்கள். அவர்களிடம் நேரில் கேட்டால் ஆரம்பித்த முதல் வருஷம் எவ்வளவு சலிப்பாக இருந்தது என்றும் சொல்வார்கள்.

இனி அந்தத் தம்பிக்கு

முழங்காலில் வலி, கெண்டைக்காலில் வலு இருந்தால்: முதலில் எட்டைக் குறுக்கு. இரண்டு மாதம் கழித்தும் வலி தீரவில்லை என்றால் டிராப் குறைந்த ஷூவையும் கொஞ்சம் வெறுங்கால் பயிற்சியையும் சேர்த்துப் பார்க்கலாம்.

குதிநாணிலோ முன்பாத எலும்பிலோ ஏற்கெனவே காயம் இருந்தால் வெறுங்காலும் மெல்லிய ஷூவும் இப்போதைக்கு இல்லை. மெத்தை ஷூ, 8 முதல் 10 மில்லிமீட்டர் டிராப், படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சி.

ஓடத் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகாதவர், எடை அதிகம் உள்ளவர்: இதமான மெத்தை ஷூ, வேறு யோசனையே வேண்டாம். உடல் பழகும் காலத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மாற்றங்களைத் திணிக்கக் கூடாது.

வலியில்லை, ஆசைதான் என்றால்: கழட்டு. ஆனால் வாரம் இரண்டு நாள், வழக்கமான ஓட்டம் முடிந்த பிறகு, வெளிச்சத்தில், வழவழப்பான ரோட்டில் ஐந்நூறு மீட்டர். அடுத்த நாள் காலை கெண்டைக்கால் கல்லாகிக் கிடந்தால் அந்த வாரம் அவ்வளவுதான். இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இருநூறு மீட்டர் கூட்டலாம். புறங்காலில், விரல்களுக்கு மேலே ஓர் இடத்தில் விரலால் அழுத்தினால் சுள்ளென்று வலித்தால் உடனே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சதை வலிபோல இதை ஓடித் தீர்க்க முடியாது.

இந்த வேகத்தில் ஆடியில் தொடங்கினால் மார்கழிக்குள் மூன்று கிலோமீட்டர் வந்தால் பெரிது; நடுவில் மழை வேறு. ஆகவே இந்த ஜனவரிக்கு வெறுங்கால் மராத்தான் என்ற பேச்சே இல்லை. முழு மராத்தான் விடிவதற்கு முன்பே தொடங்குகிறது. தெருவிளக்கு வெளிச்சத்தில் கண்ணாடித் துண்டு கண்ணுக்குத் தெரியாது. நீண்ட தூரப் பயிற்சி ஓட்டங்களை எந்த ஷூவில் ஓடினாயோ, நூறு கிலோமீட்டராவது கண்ட அதே ஷூவில் பந்தயத்துக்குப் போ.

வாங்குவதானால் ஐப்பசிக்குள் வாங்கிவிடு. சாயங்காலம் போ, காலையைவிடப் பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் இருக்கும். ஓடப் போடும் சாக்ஸையே எடுத்துக்கொண்டு போ. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று இரண்டு காலிலும் பார். ஒரு கால் கொஞ்சம் பெரிதாக இருப்பது சகஜம், பெரிய காலுக்கு வாங்கு. மார்கழி பாதியில் புது ஷூ வாங்கத் தோன்றினால் சாக்ஸ் வாங்கிக்கொள்.